சிப்பித் தரை

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் இரண்டு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுபடி போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடினால் கல் உடைக்கும் மெஷின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேலையை விட்ட பிறகும் அது நிற்கவில்லை. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும், இருட்டினால் கொட்டக் கொட்ட விழிப்பு. இரண்டுக்கும் நடுவில் மிதந்துகொண்டிருந்தேன். அந்த நிலையில்தான் அக்காவுக்குக் கிணறு வெட்ட இறங்கினேன். அங்கே பார்த்ததில் எது கண்ணால் பார்த்தது, எது தூக்கத்தில் பார்த்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அது எண்பத்திரண்டாம் வருஷம். மழை பொய்த்திருந்தது.

அக்கா பெயர் கொளஞ்சி. மச்சான் காமாலையில் செத்துப்போன பிறகு அவளும் நானும்தான் ஒரே வீட்டில் இருந்தோம். பெரம்பலூரிலிருந்து கொளக்காநத்தம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவளுக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதற்கு முன்பு சொந்த மண் இருந்ததில்லை. யாருக்கும் வேண்டாத மண் என்பதால் எங்களுக்கு வந்தது. மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட மேடும் பள்ளமும், இடையில் சப்பாத்திக் கள்ளியும்.

குடிதண்ணீருக்கு மேலக்காட்டுக் கிணற்றுக்குப் போக வேண்டும். மேலக்காட்டில் இருந்த மேல்சாதி வீட்டுக்காரர்களின் கிணறு. அதன் கயிற்றை எங்கள் கை தொடக் கூடாது. சட்டம் வேறு மாதிரி சொன்னது. சட்டம் அந்தக் கிணற்றுப் பக்கம் வந்ததில்லை. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அந்த வீட்டு மருமகள் ரத்தினம்மாள் சோறு வடித்து, பிள்ளைக்குத் தலை வாரி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அப்புறம் வந்து இறைத்து ஊற்றுவாள். அதுவரை வெயிலில் நிற்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் அக்கா அப்படி நின்றுவிட்டு வந்து குடத்தை இறக்கி வைத்தாள்.

“வெள்ளாம வெளையுதோ இல்லையோ, அது கெடக்கட்டும். எங் குடத்துல நானே தண்ணி மொள்ளணும். ஒருத்தி வந்து ஊத்துற வரைக்கும் நிக்கக் கூடாது. அவ்வளவுதாண்டா செல்லக்கண்ணு.”

ஆடுகளை விற்றாள். குரும்பலூரிலிருந்து சாமிக்கண்ணுவை வரவழைத்தாள். சாமிக்கண்ணு கிணறு வெட்டுகிறவர். பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருப்பார். அவருக்கு ஒரு முறை உண்டு. அவருடைய அப்பாவும் அதைத்தான் கடைப்பிடித்தாராம். ஊற்று வந்து, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள் முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் அது கிணறு. அதுவரைக்கும் அது குழி. அவர் முதலில் முங்கி எழுந்து தேங்காய் உடைக்க வேண்டும். பிறகுதான் வீட்டுக்காரர்கள் அதைக் கிணறு என்று வாயால் சொல்லலாம். அதற்கு முன்னால் நான் ஒரு தடவை தெரியாமல் சொல்லிவிட்டேன்.

“எலே, பேரு வச்சுட்டுப் புள்ள பெக்குறியா?” என்றார் சாமிக்கண்ணு.

அன்றிலிருந்து அக்கா குழி என்றே சொன்னாள்.

முதலில் செம்மண். அடுத்து சுண்ணாம்பு கலந்த சுக்கான் கல். அதைத் தாண்டியதும் கூழாங்கல்லும் பருமணலுமாக வந்தது. ஒவ்வொரு கல்லும் யாரோ உட்கார்ந்து தேய்த்தது போல உருண்டையாக இருந்தது. ஒரு ஆறும் இந்தப் பக்கம் ஓடினதில்லையே என்று சாமிக்கண்ணு திட்டிக்கொண்டே கூடையில் அள்ளினார்.

எனக்குத் தெரியும். ஆலையில் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்தில் கல்லை ஆராய வந்த ஆபீசர் ஒருவர் சொல்லியிருக்கிறார், இந்தச் சீமை முழுக்கக் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடலாக இருந்தது என்று. கல்லுக்குள் நத்தையும் சுறாப் பல்லும் வரும். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. உடைத்து மெஷினில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கடலை நான் பார்த்ததும் இல்லை.

ஆனால் குழிக்குள் நிலைமை வேறு. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். ராத்திரியெல்லாம் விழித்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஆடும். ஒரு மத்தியானம் கடப்பாரையால் நெம்பியபோது ஒரு பலகைக் கல் அப்படியே பெயர்ந்து வந்தது. அதன் முதுகு முழுக்க வரி வரியாக மேடும் பள்ளமும், காற்றில் நெளிந்த துணி மாதிரி. மேலே ஏற்றினோம்.

அன்றைக்கு ஜபருல்லா பாய் வந்திருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் சம்பாதித்து வந்து இரண்டு ஆயில் எஞ்சின் வாங்கி, கிணறு இறைக்க வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஊற்று வந்தால் எஞ்சின் வேண்டியிருக்கும் என்று அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பாய் அந்தக் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார்.

“யா அல்லா. இது கடக்கரைமா! தண்ணி எறங்குனப்புறம் மணலு இப்படித்தான் கெடக்கும். நடந்தா உள்ளங்காலு குறுகுறுங்கும். தம்பி, நீயும் ஏறிப் பாரு.”

ஏறினேன். வெறுங்காலில் அந்த வரிகள் பட்டன. கல் சூடாக இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று காலுக்கடியிலிருந்து மெல்ல விலகிப் போகிற மாதிரி இருந்தது. பிடிமானத்துக்குப் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“கடலு எப்பவும் அதே எடத்துலயா பாய் நிக்கும்?” என்று கேட்டேன்.

“எங்க நிக்குது? தெனம் வரும், போகும். இன்னிக்கு இங்க போட்ட மணல நாளைக்கு அள்ளிட்டுப் போயி வேற எடத்துல போடும். காலையில ஒரு கரை, சாயந்தரம் ஒரு கரை.”

“நெலையில்லாத பயன்னு சொல்லுங்க” என்றாள் அக்கா. “எந் தம்பியாட்டம்.”

“இவனாவது வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தான்மா. கடலு வேலைக்கே போகாது, ஆனா ஓயாது” என்றார் பாய்.

அதற்குப் பிறகு இறங்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். ஒவ்வொரு கூடை மண்ணும் ஒரு கரை. இந்த முழத்தில் கடல் வந்திருக்கிறது, அடுத்த முழத்தில் போயிருக்கிறது. ஒரு இடத்தில் மரத்துண்டு கிடைத்தது. கல்லாகியிருந்தது, உடம்பெல்லாம் புழு துளைத்த ஓட்டை. எங்கோ காட்டில் சாய்ந்து, மிதந்து, இங்கே கரை ஒதுங்கியிருக்கிறது. நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினால் அது என் முழங்காலில் வந்து இடிக்கும், பின்வாங்கும், மறுபடி இடிக்கும். மேலிருந்து சாமிக்கண்ணு கத்துவார். விழித்தால் கையில் காலிக் கூடை இருக்கும்.

பிறகு சிப்பி வந்தது.

கடப்பாரை பட்டதும் வெண்கலத் தட்டில் அடித்த சத்தம் கேட்டது. மணலை வழித்துப் பார்த்தால், குழியின் அடி முழுக்கச் சிப்பி. உள்ளங்கை அளவு, அதைவிடப் பெரியது, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டு, நடுவில் ஊசி இறங்காத அளவுக்கு நெருக்கமாக. தரை போட்ட மாதிரி இருந்தது. மணலும் சிப்பியும் சேருகிற இடத்தில் சுற்றிலும் சுவர் வேர்த்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர்வை கோடாகி, கோடு இறங்கி, சிப்பிக் குழிவுகளில் தேங்க ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் முழங்கால் அளவு தண்ணீர். அக்கா ஏணியில் இறங்கி வந்தாள். இரண்டு கையாலும் மொண்டு குடித்தாள்.

“இனிக்குதுடா” என்றாள். தண்ணீருக்குள் நின்று தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தெளிவு.

சாமிக்கண்ணு மேலே நின்று எட்டிப் பார்த்தார். “எம்புட்டு?”

“முழங்காலு” என்றேன்.

“அப்ப குழிதான். ஒரு வேட்டு வச்சு இந்தத் தரைய ஒடச்சுட்டா கீழேருந்து பீச்சியடிக்கும்.”

அக்கா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சாமிக்கண்ணும் அவளைத்தான் கேட்டார். அவள் அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னாள்.

“ஒடைங்க. மேலக்காட்டுக் கெணத்துல பொடிசுங்க மேலேருந்து குதிக்குதுங்க. நான் குடத்த வச்சுக்கிட்டு அத வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறேன். இங்கயும் ஆளு முங்கணும். குதிச்சா சத்தம் கேக்கணும்.”

வேட்டு வைத்தோம். சிப்பிகள் புகையோடு மேலே வந்து கள்ளியின் மேலும் எங்கள் முதுகிலும் விழுந்தன. தரையின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. சுற்றிலும் சிப்பி விளிம்பு மட்டும் நின்றது. சேர்ந்திருந்த நல்ல தண்ணீர் அந்த ஓட்டைக்குள் சத்தமில்லாமல் இறங்கிப் போனது.

கீழே இருந்தது களி. சாம்பல் நிறம், கத்தியால் வெட்டினால் வெண்ணெய் மாதிரி வந்தது. அதில் கூழாங்கல் இல்லை, மணல் இல்லை, மரம் இல்லை. துப்பாக்கித் தோட்டா மாதிரி கூரான கற்களும், வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரி மின்னுகிற கல் தகடுகளும் மட்டும் இருந்தன. பாய் ஒரு தடவை சொல்லியிருந்தார், துபாய்க்குக் கப்பல் போகும்போது ஒரு இடத்துக்கு மேல் தண்ணீர் நீலமாக இருக்காது, கறுத்துவிடும், அங்கே தானாகவே எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று. அந்த இடம் இதுதான் என்று பட்டது. கரை எங்கோ தொலைவில் இருந்திருக்கிறது. அலை இங்கே எட்டவில்லை. மேலேயிருந்து தூசி மாதிரி மண் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, விழுந்து தரை தொடவே பல நாள் ஆகியிருக்கும். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். கடப்பாரைச் சத்தமும் களியில் அமுங்கிப்போனது. காதுக்குள் ஓடிய மெஷினைக்கூட அங்கே சரியாகக் கேட்க முடியவில்லை.

கீழே இறங்க இறங்கக் கடல் ஆழமாகிக்கொண்டே போனது. அப்படியென்றால் மண் மேலே ஏற ஏற அது விலகிப் போயிருக்கிறது. முதலில் ஆழம், அப்புறம் சிப்பி, அப்புறம் மணல், அப்புறம் ஒன்றுமில்லை. போகிற போக்கில் சிப்பியால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் அதை உடைத்துவிட்டோம். இது எனக்கு அப்போது தெரியாது. களிக்குள் ஒரு மணல் பட்டை வந்தது. அதைத் தொட்டதும் தண்ணீர் புரண்டு வந்தது. சட்டியையும் கூடையையும் விட்டுவிட்டு ஏணியைப் பிடித்தோம்.

விடிந்து பார்த்தால் தண்ணீர் சிப்பி விளிம்பையும் தாண்டி நின்றது. சாமிக்கண்ணு குளித்து நெற்றியில் விபூதி பூசி வந்தார். அக்கா மஞ்சள், தேங்காய், வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். பாயும் வந்திருந்தார். சாமிக்கண்ணு இறங்கிக் கையைத் தூக்கினார். முங்கினார். விரல் நுனிகூடத் தெரியவில்லை. அக்கா சிரித்தாள். பல வருஷம் கழித்து அவள் பல்லைப் பார்த்தேன்.

சாமிக்கண்ணு எழுந்தார். முகம் கோணியிருந்தது. துப்பினார். மறுபடி ஒரு கை அள்ளி வாயில் வைத்து, மறுபடி துப்பினார்.

“என்னங்க?” என்றாள் அக்கா.

“உப்பு.”

அவள் நம்பவில்லை. தட்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். மொண்டு வாயில் விட்டாள். துப்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் துப்பவில்லை. விழுங்கினாள். இரண்டாவது தடவையும் மொண்டு விழுங்கினாள். மேலே ஏறி வந்து யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

சாமிக்கண்ணு தேங்காயை உடைக்கவில்லை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். “உப்புத் தண்ணிக்கு ஒடச்சா எங்கப்பன் செத்தும் விட மாட்டான். இது குழி. மூடிடுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் அக்கா குடத்தோடு மேலக்காட்டுக்குப் போனாள். நானும் இன்னொரு குடத்தோடு போனேன். ரத்தினம்மாள் அன்றைக்கு வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இறைக்காமல் நின்றாள்.

“என்ன கொளஞ்சி, கடலு வெட்டுறதா சொன்னாங்க. முத்து கித்து கெடச்சுதா?”

“சிப்பிதாங்க கெடச்சுது” என்றாள் அக்கா.

“அதுவும் நல்லதுதான். இனிமே ஒனக்கு உப்பு வாங்குற செலவில்ல.”

கிணற்றுக்குள் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்காவின் தோள் லேசாக அசைந்தது. குடம் நிறைந்ததும் இடுப்பில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

“ஏன்டா, பானையில ஓட்ட விழுந்தா என்னா பண்ணுவோம்?”

“வேற பானை வாங்குவோம்.”

“அது நீ. வேலைய விட்டவன் அப்படித்தான் சொல்லுவ. நான் அடைப்பேன்.”

பாயிடம் போய் எஞ்சினைக் கேட்டாள். உப்புத் தண்ணீரை இறைத்து என்ன செய்யப் போகிறாய் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் மாட்டு வண்டியில் எஞ்சினை ஏற்றினார்.

குழி ஓரத்தில் வெட்டிப் போட்ட மண் குவியலாகக் கிடந்தது. கடலைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மேலே களி, அதற்குக் கீழே சிப்பி, அடியில் மணல். எந்தக் கூடை எங்கே கொட்டினது என்று எனக்குத் தெரியும். பகலெல்லாம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடைசியா வந்தது மொதல்ல போவட்டும்” என்றேன்.

எஞ்சின் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் இறங்கி, சிப்பி விளிம்பு தெரிந்து, ஓட்டை தெரிந்து, களியின் அடி தெரிந்தது. எஞ்சின் நின்றால் கடல் மேலே வந்துவிடும். பாய் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டில் மெழுகு தேய்த்துக்கொண்டே இருந்தார். தொழுகைக்குக்கூட எழுந்து பத்தடி தள்ளிப் போய், ஒரு காதை எஞ்சின் பக்கமே வைத்திருந்தார். நான் களியைக் கூடை கூடையாக இறக்கினேன். அக்கா கீழே நின்று மிதித்தாள். தண்ணீர் தெளித்து, மிதித்து, கட்டியில்லாமல் பிசைந்து, அடுத்த கூடை. பிறகு நானும் இறங்கினேன். இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு வட்டமாக மிதித்தோம். களி முழங்கால் வரை உறிஞ்சும், விடும். காலடியில் எதுவோ மேலே வரப் பார்த்துத் தள்ளியது. நாங்கள் மிதிக்க மிதிக்க அது அடங்கியது.

“வலிக்குதாக்கா?”

“பேசாம மிதிடா. வாயில மிதிக்கிற.”

களி சிப்பி விளிம்பு மட்டத்துக்கு வந்தது. அதன்மேல் சிப்பிகளை முதுகு மேலே இருக்கும்படி அடுக்கினோம், சந்தில் உடைந்த சிப்பியைத் தட்டிச் செருகினோம். கடல் செய்த அளவுக்கு நெருக்கமாக வரவில்லை. கடலுக்கு நேரம் நிறைய இருந்தது.

பாய் எஞ்சினை நிறுத்தினார். அக்கா மேலே ஏறிப் போனாள். நான் சிப்பித் தரையில் மல்லாந்து படுத்தேன். எழுந்திருக்க உடம்பில் ஒன்றும் இல்லை. மேலே வானம் தட்டு அளவுக்கு இருந்தது. எஞ்சின் சத்தம் காதிலிருந்து மெல்ல விலகியது. கூடவே ஆலை மெஷினும் விலகியது. பின்னால் ஒரு இரைச்சல் வந்தது. நீளமாக இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. கடல் என் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகத் திரும்பி வந்தது. ஈர மணலில் அது விட்டுப்போன வரிகளில் வெயில் விழுந்தது. யாரும் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. அது ரொம்ப தூரம் போய் ஒரு கோடாகி, பிறகு கோடும் போனது. நான் எழுந்து பின்னால் போகவில்லை. போகட்டும் என்று இருந்தது.

காதில் தண்ணீர் பட்டு விழித்தேன். வெயில் சாய்ந்திருந்தது. சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. மணலும் சிப்பியும் சேருகிற அதே இடத்தில்.

அந்தத் தண்ணீர் கரித்தது. மொண்டு கொட்டினோம். அடுத்து ஊறியது கொஞ்சம் கரித்தது. அதையும் கொட்டினோம். அக்கா ஒவ்வொரு தடவையும் தானே குடித்துப் பார்த்தாள், என்னிடம் கொடுக்கவில்லை. பாய் எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாமல் அங்கேயே விட்டுவைத்து, தினமும் வந்து “இன்ஷா அல்லா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் எத்தனையோ தடவை மேலக்காட்டுக்குப் போய் நின்றோம். ஒரு நாள் காலையில் அக்கா குடித்துவிட்டு மிச்சத்தை என் முகத்தில் ஊற்றினாள். நாக்கில் வழிந்தது. உப்பு இல்லை.

தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியதே இல்லை. இரண்டு குடம் மொண்டால் தரை தெரியும். திரும்ப ஊற வெகுநேரம் ஆகும். வயலுக்குப் பாயாது. யாரும் குதிக்க முடியாது.

சில மாதம் கழித்து சாமிக்கண்ணு வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார். அக்கா காலிக் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“இன்னும் இந்தக் குழியதான் கட்டிக்கிட்டு அழுவுறியா? இங்கயும் காத்துக் கெடக்குறியேம்மா. அங்கயே நின்னிருக்கலாம்.”

“அங்க ரத்தினம்மாளு வரணும்னு நிப்பேன். இங்க தண்ணி வரணும்னு உக்காந்திருக்கேன். பாருங்க, உக்காந்திருக்கேன்.”

சாமிக்கண்ணு பற்றவைக்காத பீடியை வாயில் இடம் மாற்றிக்கொண்டார். குனிந்து உள்ளே பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

“இருங்க, ஊறட்டும்” என்றாள் அக்கா. அவர் இருந்தார். ஊறியதும் அவளே கயிற்றை விட்டு இறைத்து, அவர் கையில் ஊற்றினாள். குடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் தேங்காய்ப் பேச்சை எடுக்கவில்லை.

“செல்லக்கண்ணு” என்று அக்கா அங்கிருந்தே கூப்பிட்டாள். நான் வீட்டு நிழலில் படுத்திருந்தேன். “ரெண்டாவது கொடத்த எடுத்துக்கிட்டுக் கெணத்துக்கு வாடா.”

சாமிக்கண்ணு திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.